கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லுவார்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்தத் தோலை உரிச்சிருங்க சார்." சொல்லுகிறவர் யாரும் நிஜமாகவே தோலை உரிக்கச் சொல்லுவதில்லை. இனிமேல் இது உங்கள் பிள்ளை, நீங்கள் எது செய்தாலும் ஏன் என்று கேட்டு வாசலில் வந்து நிற்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். என் அப்பா தலைமையாசிரியர். ஜூன் மாதம் பிறந்தால் அவர் அறை வாசலில் நாள் பூராவும் இதே வசனம்தான். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது வணக்கம் சொல்லுவது போல ஆகிவிட்டது.

இந்த வசனத்தை எசன் நகரத்தில், ஜெர்மன் மொழியில் பெயர்த்து, என் வீட்டுக்காரர் சொல்லுவார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. மகளுக்கு அன்று பள்ளிக்கூடத்தில் முதல் நாள். ஆறு வயது. அந்த ஊர் வழக்கப்படி பெரிய காகிதக் கூம்பு ஒன்றில் மிட்டாய் நிரப்பிக் கையில் கொடுத்திருந்தோம். கூம்புக்குப் பின்னால் அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. வகுப்பு ஆசிரியர் நெட்டையான மனிதர், தேய்ந்துபோன பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். கை கொடுத்துவிட்டு, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மாள், நாங்கள் ரொட்டி வாங்கும் பேக்கரிக்காரி, தன் மகனைப் பாவாடையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு இவர் விளக்கம் சொல்லி, வாத்தியார் ஒரு மாதிரியாகச் சிரித்து, நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். வருகிற வழியெல்லாம் நான் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலோக ஆராய்ச்சி செய்கிறவர். அறுபதுகளின் நடுவில் எசனுக்கு ஒரு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். டாக்டர் பட்டம், அச்சடித்தது போன்ற ஜெர்மன், காலையில் தேய்த்துப் போட்ட சட்டை மாலையிலும் மடிப்புக் கலையாது. நானும் மகளும் சில வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். இவரிடம் ஒரு குணம் உண்டு. எங்கே எது தவறிப்போனாலும் காரணத்தை நம்மிடமே தேடுவார். பிறத்தியார் மேல் குறை சொல்லுவது கையாலாகாதவன் வேலை என்பது அவர் கொள்கை.

வீடு தேடிய கதையைக் கேளுங்கள். டெலிபோனில் பேசும்போது "வாருங்கள், வாருங்கள், இன்றைக்கே பார்க்கலாம்" என்பார்கள். நாங்கள் மூன்று பேரும் போய் மணியை அடித்தால், கதவைத் திறந்த முகம் அப்படியே மாறும். "ஐயோ, இப்போதுதான் வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டோம்." முதல் தடவை இவர் சொன்னார், "நாம கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கணும்." அடுத்த தடவை, "டை கட்டிட்டு வந்திருக்கணும்." டை கட்டிக்கொண்டு போனோம். அப்புறம், "நீ சேலையில வந்தேல்லா, அவங்களுக்குப் பழக்கமில்லாத டிரெஸ்ஸு." நான் சேலைக்கு மேலே முழங்கால் வரை கோட்டை இழுத்து மூடிக்கொண்டு போனேன். அந்த வீடும் இப்போதுதான் வேறு ஒருவருக்குப் போயிருந்தது.

"என்னங்க, டை, கோட்டு எல்லாம் மாத்தியாச்சு. இனி தோலைத்தான் மாத்தணும். அத எந்தக் கடையில விக்காங்க?" என்று டிராம் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டுவிட்டேன்.

"ஏளா, அப்படிப் பேசாத. அப்படி நினைக்க ஆரம்பிச்சா மனுசன் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படி நினைத்து மூலையில் உட்கார்ந்திருந்தால் அவர் திருநெல்வேலியைத் தாண்டியிருக்க மாட்டார். கடைசியில் நகரத்தின் வடக்கே, சுரங்கத்துப் பக்கம், மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. ஜன்னலில் காயப்போட்ட துணியில் கரி படியும். ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு டிராம் மாறிப் போக வேண்டும். ஜெர்மன்காரர்கள் காலி செய்துகொண்டிருந்த தெரு அது, அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தது.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு துருக்கிக் குடும்பம். அவன் சுரங்கத்தில் வேலை. அவள் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். அவர்களுக்கும் எங்கள் மகள் வயதில் ஒரு மகள், ஒரே வகுப்பு. பிள்ளைகள் இரண்டும் படிக்கட்டில் உட்கார்ந்து பொம்மைக்குப் பாடம் நடத்தும். எங்கள் மகள்தான் எப்போதும் டீச்சர். பொம்மையைப் பார்த்து ஜெர்மனில் அதட்டுவாள், கீழ்வீட்டுப் பிள்ளை பொம்மைக்காகப் பதில் சொல்லும். வீட்டுக்குள் எவ்வளவு விளையாடினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தெருவில் இறங்கினால் மட்டும் மகளைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுவேன். எல்லோரும் எங்களையும் துருக்கிக்காரர்கள் என்றே நினைத்தார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் வேறு, படித்தவர்கள், கூலிக்கு வந்தவர்கள் இல்லை என்று ஊருக்கே தண்டோரா போட வேண்டும் போலிருக்கும்.

இவருக்கும் அதே எண்ணம்தான், ஆனால் தத்துவமாகச் சொல்லுவார். பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட குளிர்காலம் அது. மகள் அப்போது நாலாம் வகுப்பு. ஊர் சனம் முழுக்க நெடுஞ்சாலை நடுவில் நடந்து போனது, தேரோட்டம் பார்க்கப் போவது போல. நாங்களும் போனோம். எங்களுக்கு முன்னால் கீழ்வீட்டுக் குடும்பம். பிள்ளைகள் இரண்டும் சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக் குதித்துக்கொண்டிருந்தன.

"அந்த மனுசனைப் பாரு" என்றார் இவர். "வந்து பத்து வருசம் ஆகப்போகுது. ஒரு வாக்கியம் ஒழுங்காப் பேச வரல. அப்புறம் எப்படி மேல வருவான்? ஜெர்மன்காரன் ஒதுக்குதான்னு சொன்னா எப்படி?"

"பகல் பூரா பூமிக்கு அடியில கெடக்கான். அங்க யாருட்ட பேசுவான், கரிகிட்டயா?" என்றேன்.

"மனசிருந்தா மார்க்கம் உண்டு. நான் இங்க வந்த புதுசுல ராத்திரி உக்காந்து படிக்கலையா?"

"உங்களுக்குச் சின்ன வயசுலயே படிப்புப் பழக்கத்த உங்கப்பா வீட்டுக்கு டியூஷன் வாத்தியார் வச்சுக் குடுத்தாரு. அவனுக்கு யாரு குடுத்தா?"

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வச்சிருக்க நீ."

"நீங்க எல்லாத்துக்கும் ஒரு குத்தம் வச்சிருக்கீங்க."

கார் இல்லாத சாலையில் எங்கள் சண்டை எல்லோருக்கும் கேட்டது. நல்லவேளை, தமிழ். இப்படி அவர் முயற்சி என்பார், நான் பணம் என்பேன், கோபம் வந்தால் நிறம் என்பேன். வீட்டுக்கு வந்து ரசம் கொதித்ததும் இரண்டு பேரும் மறந்துவிடுவோம். எங்கள் பேச்சில் அந்தத் துருக்கிக்காரன்தான் எப்போதும் உதாரணம். எங்கள் மகள் ஒருநாள் அந்தக் கணக்குக்குள் வருவாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அந்த ஊர்ப் படிப்பைப் பற்றி இரண்டு வரி. நாலாம் வகுப்பு முடியும்போது பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். காலேஜ் வரைக்கும் போகிற பிள்ளைகளுக்கு கிம்னாசியம் என்று ஒரு பள்ளி. கைத்தொழிலுக்கும் கடை வேலைக்கும் போகிற பிள்ளைகளுக்கு ஹாப்ட்ஷூல. நடுவில் இன்னொன்றும் உண்டு. யார் எங்கே என்று சொல்லுகிறவர் வகுப்பு ஆசிரியர். பத்து வயதில் ஒரு பிள்ளை தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரம்மாவுக்கே தெரியாது. அந்த வாத்தியாருக்குத் தெரியும்!

எங்களுக்கு அதில் கவலையே இல்லை. மகள் கணக்கில் புலி. பேக்கரிக்காரி மகனுக்கு அவள்தான் கணக்குப் போட்டுக் கொடுப்பாள், பதிலுக்கு அவன் இனிப்பு ரொட்டி கொண்டுவருவான். ஒவ்வொரு தடவையும் பள்ளியிலிருந்து வரும் மதிப்பெண் அட்டையில் வாத்தியார் ஒரே மாதிரி எழுதியிருப்பார்: அமைதியான பிள்ளை, தானாக வாய் திறப்பதில்லை. இவர் அதைச் சத்தமாக வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லுவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அப்பாவுக்கு அதைத் தனியாக எழுதுவேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் விரலை நீட்டிக்கொண்டு "நான், நான்" என்று எம்பிக் குதிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீ, என்ன வளர்ப்பு என்று நினைத்திருக்கிறேன். கேட்டால் மட்டும் பேசு, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, தெரிந்தாலும் முந்தாதே என்றுதான் என் மகளுக்குச் சொல்லியிருந்தேன். வாய் திறந்து பேசுவதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு, பேசாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று கணக்கு வைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லுகிற ஊரில் பிறந்துவிட்டு, நான் வாயை மூடு என்று வளர்த்தேன்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் வாத்தியார் எங்களைக் கூப்பிட்டார். மகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம், நடுவில் மகள். இவர் டை கட்டியிருந்தார். வாத்தியார் நல்ல மனிதர், அதை நான் மறைக்கக்கூடாது. வருஷாவருஷம் தன் தோட்டத்துப் பிளம் பழங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைக்கும் பங்கு வைப்பார். என் மகளுக்கு அவர் என்றால் உயிர்.

அவர் மெதுவாக, எனக்கும் புரியும்படி பேசினார். மகளுக்கு ஹாப்ட்ஷூலதான் நல்லது என்றார். கணக்கு நன்றாக வருகிறது, ஆனால் மொழியில் தன்னம்பிக்கை இல்லை, வகுப்பில் பேசுவதே இல்லை. கிம்னாசியம் போனால், மத்தியானம் பள்ளி விட்ட பிறகு வீட்டில் அம்மா உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அப்போது என் சேலையைப் பார்த்தார். "நம்முடைய வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே போய்த் துன்பப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கும், அவள் தோழி அந்தத் துருக்கிப் பெண்ணுக்கும் அந்தத் துன்பம் வேண்டாம்" என்றார். கண்ணில் நிஜமான அக்கறை இருந்தது.

நான் பாளையங்கோட்டையில் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை, ஏனென்றால் தன் பெண்டாட்டி படிப்பைத் தானே எடுத்துச் சொல்லுவது எங்கள் பக்கம் தற்பெருமை. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுவார், அந்த அச்சடித்த ஜெர்மனில் நறுக்கென்று ஒரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். இவர் எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். "உங்களுக்குத் தெரியாதது இல்லை. நாங்கள் அவளை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டோம்" என்று சொல்லிக் கை கொடுத்தார். கண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லிய அதே மரியாதை. வாத்தியார் என்னைப் பார்த்தார். நானும் புன்னகைத்துத் தலையாட்டினேன். மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டிராமில் வரும்போது எனக்கு அப்பாவின் பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே கடைசி பெஞ்சில் சேரிப் பிள்ளைகள் இருப்பார்கள். அப்பா அவர்களை அடித்ததே இல்லை. சிலேட்டு வாங்கிக் கொடுப்பார், தன் பழைய சட்டையைக் கொடுப்பார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு, "ஏதாவது கைத்தொழில்ல விடுப்பா. வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளில்ல. மேல போனா பிள்ளைதான் கஷ்டப்படும்" என்பார். அந்தத் தகப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரிதான் சாமி" என்று கும்பிடுவான். அதுகளுக்குப் படிப்பு ஏறாது என்று வீட்டில் பேசுவோம். நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது என் பக்கத்தில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டு மட்டும்தான் இல்லை. என் அப்பாவும் நல்லவர்தான்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். நல்ல கோட்டு போட்டு, தலைத்துணியைப் புதிதாகக் கட்டியிருந்தாள். அவளையும் கூப்பிட்டு அதே வார்த்தையைச் சொல்லியிருந்தார் வாத்தியார். அவள் ஜெர்மன் என்னுடையதை விட மோசம். என்னைக் காட்டி, தன்னைக் காட்டி, இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினாள். "நீ வா. நான் வா. சேந்து. கேட்க." இவர்தான் கதவருகே நின்று பதில் சொன்னார். நாங்கள் ஏற்கனவே ஆசிரியரிடம் பேசி முடித்துவிட்டோம், நன்றி என்று அழகாகச் சொன்னார். நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"வாத்தியார்கிட்ட போய் நியாயம் கேக்கதா? நல்லாருக்கு" என்றார் இவர்.

மறுநாள் மத்தியானம் குப்பை கொட்டப் போனபோது அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறாள். நான் மேலே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் கத்து. அவர் தண்ணி" என்றாள். தம்ளரை நீட்டுவது போலக் கையை நீட்டிக் காட்டினாள். "திரும்ப கத்து. திரும்ப தண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. அடுத்த நிமிஷம் அவள் அழுதாள். வாத்தியார் மனம் மாறவில்லை. உணர்ச்சிவசப்படுகிறீர்கள், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். அவள் எழுந்து மகளைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை வந்ததும் அதன் தலையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு துருக்கியில் என்னென்னவோ சொன்னாள். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் வைகிறாள் என்று தெரிந்தது, வைவது வாத்தியாரை என்றும் தெரிந்தது.

சில நாள் கழித்து ரொட்டி வாங்கப் போனேன். பேக்கரிக்காரி கல்லாவுக்குப் பின்னால் நின்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மகனுக்கும் வாத்தியார் ஹாப்ட்ஷூல என்றுதான் சொன்னாராம். "நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேஜையைத் தட்டினேன். என் பையன் தலையில் என்ன இருக்கிறது என்று எனக்கா தெரியாது?" அவனைச் சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்களாம், கிம்னாசியத்தில் இடமும் கிடைத்துவிட்டதாம். என்னைப் பார்த்து, "நீங்களும் கேட்க வேண்டியதுதானே!" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்டால் கிடைக்கும் என்றுதான் அவள் அனுபவம். என் மகள் போட்டுக் கொடுத்த கணக்கு கிம்னாசியம் போயிற்று, என் மகள் போகவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பேக்கரிக்காரி கத்தினாள், கிடைத்தது. துருக்கிக்காரி கத்தினாள், தண்ணீர் கிடைத்தது. நாங்கள் கும்பிட்டோம், கை கொடுத்தார்கள். இதில் எது நிறம், எது பணம், எது எங்கள் தப்பு என்று நான் எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். குழம்பில் போட்ட புளியையும் உப்பையும் திரும்பப் பிரிக்க முடியுமா? நாங்கள் கேட்டிருந்தாலும் தண்ணீர்தான் கிடைத்திருக்குமோ என்னவோ. கேட்காததால் அது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ஆறாத வயிற்றெரிச்சல் அதுதான்.

மகள் ஹாப்ட்ஷூலவில் சேர்ந்தாள். இவர் மனம் தளரவில்லை. அங்கேயிருந்தும் மேலே மாறலாம், வழி இருக்கிறது, பிள்ளை உழைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். தினமும் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தார். நானும் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பிள்ளை வேறு ஆளாகிவிட்டாள். படிக்கட்டில் பொம்மைக்குப் பாடம் நடத்துவது நின்றுபோனது. கணக்கைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்கு வராதுப்பா" என்பாள். அழுகை இல்லை, அடம் இல்லை. எனக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்று சொல்லுவது போலச் சொல்லுவாள். போன வருஷம் அவளே போட்ட கணக்கு அது. இவர் முதலில் கெஞ்சினார், பிறகு அதட்டினார், கடைசியில் சோம்பேறி என்றார். நான் இவரோடு சண்டை போட்டேன். வாத்தியாரிடம் போட வேண்டிய சண்டையை எல்லாம் எங்கள் அடுப்படியில் போட்டு முடித்தோம்.

எழுபதுகள் முடியும்போது அவள் அந்தப் பள்ளியை முடித்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராகத் தொழில் பழகச் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்து வெள்ளை உடுப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பிடிக்கும் என்று புளியோதரை செய்திருந்தேன். சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார்.

"பாப்பா, சாயங்காலப் பள்ளிக்கூடம் இருக்கு. வேலை பாத்துக்கிட்டே அங்க படிக்கலாம். பெறகு காலேஜுக்கே போகலாம். முயற்சி இருந்தா முடியாதது ஒண்ணுமில்ல."

"எனக்கு வராதுப்பா."

இவர் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார். "வராதுன்னு யாரு சொன்னா? சொல்லு. யாரு சொன்னா?"

"சார் சொன்னாரு" என்றாள் மகள். "நீங்க ரெண்டு பேரும் சரின்னு தலையாட்டினீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு அவளே தொடர்ந்தாள். கீழ்வீட்டுப் பெண்ணும் அவளோடு அதே பள்ளியில்தான் படித்து முடித்திருந்தாள், ஒரு துணிக்கடையில் சேர்ந்திருந்தாள்.

"அவளுக்கும்தான் கிடைக்கல. ஆனா அவ இன்னும் சொல்லுதா, சார் தப்பாச் சொல்லிட்டாரு, எனக்கு வரும்னு. அவங்க அம்மா அன்னிக்கே அவகிட்ட சொல்லிட்டாங்களாம். அவ அந்தச் சாயங்காலப் பள்ளிக்கூடத்துல பேர் குடுத்துட்டா."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, அத்தனை வருஷத்தில் நான் அவர் வாயிலிருந்து கேட்டே இராத ஒன்றைச் சொன்னார். அந்தச் சத்தமே அவருடையதாக இல்லை.

"ஒன் மேல குத்தமில்லம்மா. அந்த ஆளு ஒன் படிப்பப் பாக்கல. நம்ம நெறத்தப் பாத்துத்தான் சொன்னான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.